சனி மாலை மாத்திரை, திங்கள் காலை லோடு: ஆலை, கிடங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரிசி ஆலை, பருப்பு மில், மாவு மில், மசாலா ஆலை உரிமையாளர்களுக்கும், அங்குள்ள தர மேலாளர்களுக்கும், குடோன் வாடகைக்கு விடுவோருக்கும்,

வணக்கம்.

பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தால் உங்கள் அலுவலகங்களிலிருந்து, குடோன்களில் பூச்சிக்குப் புகைமூட்டும் எங்களிடம் கேட்கப்படுவது இரண்டே கேள்வி. மாதத்துக்கு எத்தனை விசிட்? டன்னுக்கு என்ன ரேட்? எந்தப் பூச்சி, அது சரக்கில் இருக்கிறதா மெஷினில் இருக்கிறதா, சரக்கை எத்தனை நாள் அசைக்காமல் விட முடியும் என்ற பேச்சே எழுவதில்லை. அந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் போடப்படும் கொட்டேஷன் வெறும் மாத்திரைக் கணக்குதான். இந்த மடல் முழுக்க அந்த மூன்றையும் பற்றியது. மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்லப்போகிறோம், ஏனென்றால் பெரும்பாலான தோல்வி அங்கேதான் தொடங்குகிறது.

"சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மாத்திரை வைத்துவிடுங்கள், திங்கள் காலை ஆறு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும்." இந்த உத்தரவை வாங்காத ஃபியூமிகேஷன் (மூடிய சரக்குக்குள் நச்சுவாயு விட்டுப் பூச்சியைக் கொல்லும் புகைமூட்டம்) ஆள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. கணக்குப் பார்த்தால் கிடைப்பது 36 மணி நேரம். 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று, காற்றின் ஈரத்தை இழுத்து, மொத்தமாக 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும்கூட அது முழுதாக வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக, வாயு நன்றாக ஏறி நிற்கும் நேரத்தில் நீங்கள் சரக்கை மூடிய தார்ப்பாயைத் தூக்குகிறீர்கள்.

அப்போது தரையில் செத்த வண்டுகள் கிடக்கும். பார்ப்பவருக்குத் திருப்தி. ஆனால் பாஸ்பீன் பூச்சியின் சுவாசத்தோடு சேர்ந்து வேலை செய்யும் விஷம். வளர்ந்த வண்டும் புழுவும் நிறைய மூச்சு விடுகின்றன, சீக்கிரம் சாகின்றன. முட்டையும் கூட்டுப்புழுவும் மிகக் குறைவாகவே மூச்சு விடுகின்றன, அதனால் தாக்குப்பிடிக்கின்றன. முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழு வண்டாகி, வாயுவுக்கு எளிதில் இலக்காகும் பருவத்துக்கு வரும்வரை வாயு அங்கே நின்றாக வேண்டும். நாள் கணக்கின் காரணம் இவ்வளவுதான். 36 மணி நேரத்தில் திறந்தால் மூன்று நான்கு வாரத்தில் அதே அட்டியில் (மூட்டை அடுக்கில்) புது வண்டு. உடனே "மருந்தில் சரக்கு இல்லை, அடுத்த முறை டன்னுக்கு ஐந்து மாத்திரை போடுங்கள்" என்பீர்கள். அதுவும் உதவாது. அளவு மிக அதிகமானால் சில பூச்சிகள் மயங்கிக் கிடக்கும், மூச்சு குறையும், உள்ளே போகும் விஷமும் குறையும். நாளைக் குறைத்து மாத்திரையைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. நாளைக் கூட்டினால் மாத்திரையை மிதமாகவே வைக்கலாம்.

இதைவிடப் பெரிய கேடு, அரைகுறை வாயுவில் பிழைப்பவை எவை என்பது. எதிர்ப்புத்திறன் உள்ளவை பிழைத்து, அவையே இனம் பெருக்குகின்றன. நெல் துளைப்பான், சிவப்பு மாவு வண்டு, தட்டை வண்டு மூன்றிலும் பாஸ்பீனுக்கு வலுவான எதிர்ப்புத்திறன் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. இது கைவிட்டுப் போனால் அடுத்தது என்ன? மெத்தில் புரோமைடு 24 மணி நேரத்தில் வேலையை முடிக்கும், ஆனால் ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளில் 2015 முதல் அது தாவரத் தொற்றுத்தடுப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும்தான். உள்ளூர் குடோன் அட்டிக்கு அது கிடையாது. ஆக, இருக்கிற ஒரே மலிவான புகைமூட்டியை நாமே மழுங்கடித்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கை ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள அரிசி அட்டியில் ஏறத்தாழ 150 டன் நிற்கும். டன்னுக்கு 3 மாத்திரை என்றால் 450 மாத்திரை, அதாவது 450 கிராம் வாயு. தார்ப்பாய்க்குள் உள்ள கன அளவு 270 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 கிராமுக்குச் சற்று மேல். 1 கிராம் என்பது சுமார் 700 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு வாயு), எனவே காகிதத்தில் 1,100 பிபிஎம்-க்கு மேல் வர வேண்டும். நடப்பில் அவ்வளவு வராது. சரக்கு கொஞ்சத்தை உறிஞ்சும் (அரிசியைவிட நெல் அதிகமாக உறிஞ்சும்), மிச்சத்தில் ஒரு பங்கு கசியும். நாங்கள் கேட்பது 1,100 அல்ல. ஏழாம் நாள் திறக்கும்போதும் 300 பிபிஎம் நிற்க வேண்டும், அல்லது பத்து நாள் 200 பிபிஎம்-க்குக் குறையாமல் நிற்க வேண்டும். அது நின்றால் வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் எத்தனை டப்பா உடைத்தோம் என்ற ரசீதுக்கு மதிப்பில்லை.

நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? அளந்துதான். அட்டியை மூடும் முன்பே மெல்லிய நைலான் குழாய் மூன்றை உள்ளே விட வேண்டும்: அடியில் ஒரு மூலையில், நடு உயரத்தில், மேலே எதிர் மூலையில். மறுமுனைகள் தார்ப்பாய்க்கு வெளியே, முடிந்தால் குடோன் கதவுக்கே வெளியே. முதல் நாள், மூன்றாம் நாள், திறக்கும் நாள் மூன்றிலும் வாயுமானியில் அளவெடுத்து எழுத வேண்டும். முதல் நாள் 900, மூன்றாம் நாள் 150 என்றால் கசிவு. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் கூடுதல் மாத்திரை செருகுவது வீண். இந்த அளவீட்டுத்தாளை ஒருபோதும் தராத நிறுவனத்துக்கு வருடக்கணக்கில் பணம் கட்டும் ஆலைகள் இருக்கின்றன.

கசிவு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றால், உங்கள் பக்கத்திலிருந்து. கோபப்பட வேண்டாம், விளக்குகிறோம். முதலாவது, தூணைச் சுற்றி அட்டி போடுவது. இடம் மிச்சமாகிறது, ஆனால் தூண் உள்ளே நிற்கும் அட்டியை எந்தத் தார்ப்பாயாலும் மூட முடியாது. சுவரை ஒட்டி அடுக்குவதும் அப்படியே. நான்கு பக்கமும் ஆள் நடக்க ஒரு மீட்டர் விடாவிட்டால் ஓரத்தில் மணல் பாம்பு (தார்ப்பாய் விளிம்பைத் தரையோடு அழுத்தும் நீள மணல் பை) வைக்க எங்கள் ஆள் உள்ளே போகவே முடியாது. இரண்டாவது, தரை. வெடிப்பும் விரிவு இடைவெளியும் உள்ள சிமென்ட் தரையில் வாயு கீழே இறங்கி அடுத்த அறையில் எழும். அட்டி போடும் முன்பே வெடிப்பை சிமென்ட் பூசி அடைப்பது ஒரு கொத்தனாரின் அரை நாள் வேலை. மூன்றாவது, கொக்கி. மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி பட்டுத் தார்ப்பாயில் விழும் ஓட்டைகள் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. பகலில் குடோன் கதவைச் சாத்திவிட்டு, தார்ப்பாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் போல மினுக்கும். ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்ட வேண்டும். தார்ப்பாய் 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான் இருக்கட்டும். லாரிக்குப் போர்த்தும் நெசவுத் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

மாத்திரைகளைத் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று குவிக்காமல் பரப்ப வேண்டும். கூரை ஒழுகும் இடத்திலும் ஈரத்தரையிலும் வைக்கவே கூடாது. தண்ணீர் நேராகப் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பிடிக்கும். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை குடோனில் நாங்கள் தயங்கினால் அது சாக்குப்போக்கல்ல.

இனி ஆட்கள் பாதுகாப்பு. 36 மணி நேரத்தில் திறந்த அட்டியில் தட்டுகளில் பாதி வெந்த மாத்திரை இருக்கும். அது காற்றில் தொடர்ந்து வாயு விடும். அந்த அட்டிமேல்தான் சுமைப்பணியாளர் ஏறி நிற்கிறார். பூண்டு வாடை வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லிவைப்பது ஆபத்து, ஏனென்றால் ஆபத்தான அளவிலும் வாடை தெரியாமல் போகலாம். திறந்து, காற்றோட்டம் விட்டு, குறைந்த அளவு காட்டும் தனி மீட்டரில் 0.3 பிபிஎம்-க்குக் கீழே வந்த பிறகே ஆள் ஏறலாம். 300 பிபிஎம் அளக்கும் மீட்டரால் 0.3-ஐ அளக்க முடியாது, இரண்டு மீட்டர் தேவை. வாட்ச்மேன் படுக்கும் அறை குடோன் சுவரை ஒட்டி இருந்தால் அந்த ஏழு நாளும் அவருக்கு வேறு இடம் கொடுங்கள். மிஞ்சும் சாம்பல் பொடியைக் குப்பையில் கொட்டக் கூடாது. திறந்தவெளியில் சோப்புத்தூள் கலந்த தண்ணீர் டிரம்மில் பொடியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பொடிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம்மை மூடவும் கூடாது.

அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அரசு, அரசு நிறுவனங்கள், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கு மட்டுமே, அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்தும் நிபந்தனையோடு விற்கலாம். உங்கள் ஸ்டோர் கீப்பர் கடையில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் இன்றே அதற்கு ஒரு முடிவு கட்டுங்கள். ஒப்பந்தக்காரரின் உரிமத்தில் இந்தப் புகைமூட்டியின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்கும் உரிமம் இதற்குப் போதாது.

புகைமூட்டம் முடிந்த மறுநாளே புதுப் பூச்சி வரலாம், ஏனென்றால் பாஸ்பீன் எந்தக் காவலையும் விட்டுவிட்டுப் போவதில்லை. மூன்று அட்டியில் ஒன்றை மட்டும் மூடினால் மற்ற இரண்டும் அதற்கு விதை. காலிச் சாக்குக் கட்டு, மூலையில் கூட்டிக் குவித்த சிந்திய சரக்கு, மரப்பலகை எல்லாம் அதே தார்ப்பாய்க்குள் போக வேண்டும்.

இதுவரை சொன்னது மூட்டைச் சரக்குக்கு. ஆலைக்குள், மெஷின் ஓடும் தளத்தில், பாஸ்பீன் தவறான தேர்வு. அது தாமிரத்தை அரிக்கும். கன்ட்ரோல் பேனல், டிரைவ், கலர் சார்ட்டரின் (நிறம் பார்த்து மணியைப் பிரிக்கும் மெஷின்) கேமரா போர்டு எல்லாவற்றிலும் தாமிரம்தான். புகைமூட்டிச் சில வாரம் கழித்து சார்ட்டர் காரணமில்லாமல் நின்றால் இணைப்புமுனைகள் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாவு மில்லிலும் ரவை ஆலையிலும் எதிரி சிவப்பு மாவு வண்டு. 30 டிகிரிக்கு மேல் அதன் முட்டையிலிருந்து வண்டு வரையான பயணம் ஏறத்தாழ ஒரு மாதம். எனவே தேங்கி நிற்கும் மாவை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்தாலே சுழற்சி அறுந்துவிடும். எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது. தேங்கும் இடங்கள் எல்லா ஆலையிலும் ஒன்றேதான்: சரக்கை மேலே ஏற்றும் எலிவேட்டரின் கீழ்ப்பெட்டி அடித்தட்டு, ஸ்குரூ கன்வேயரின் கடைசி முனை, சல்லடைப் பெட்டியின் வேலை செய்யாத மூலை, தூசி சேகரிக்கும் துணிப்பை, பேனல் பெட்டியின் அடித்தளம். எல்லோரும் மறப்பது மெஷின் ஸ்டாண்டின் சதுர இரும்புக் குழாய். அதன் முனை திறந்திருந்தால் உள்ளே ஒரு பிடி மாவு, அதில் ஒரு தலைமுறை வண்டு. முனைக்கு மூடி வெல்டிங் செய்ய ஆகும் செலவைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சுத்தம் செய்யக் காற்றுக் கம்ப்ரசரை எடுக்காதீர்கள், வாக்வம் எடுங்கள். கம்ப்ரசர் மாவையும் முட்டையையும் கூரைச் சட்டம் வரை பரப்பும்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுத்தளத்தையும் சுத்திகரிக்க வேண்டுமானால் வெப்பச் சிகிச்சை நல்ல வழி. தளத்தை 50 முதல் 60 டிகிரிக்குள் 24 மணி நேரம் நிறுத்துவது. சரக்கு முழுவதையும் முன்பே வெளியேற்ற வேண்டும், ஏனென்றால் மாவுக்குவியல் வெப்பத்தை உள்ளே விடாது, அதற்குள் புழு சுகமாக இருக்கும். அளவு பார்க்க வேண்டியது அறை நடுவில் அல்ல, தரையும் சுவரும் சேரும் மூலையில். அங்கே 50 வந்த பிறகே கடிகாரம் தொடங்கும். தீயணைப்புத் தெளிப்பான் 68 டிகிரியில் உடையும் வகையா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் வெப்பச் சிகிச்சை குளியல் சிகிச்சையாகிவிடும்.

பூச்சிமருந்தைப் புகையாக அடிக்கும் புகைக்கருவி (ஃபாகிங் மெஷின்) பற்றி ஒரு வார்த்தை. தளம் முழுக்கப் புகை மண்டினால் பெரிய வேலை நடந்தது போல இருக்கும். அது பறக்கும் அந்துப்பூச்சியையும் வெளியே திரியும் வண்டையும் கொல்லும், அவ்வளவே. மூட்டைக்குள்ளும் மெஷினுக்குள்ளும் போகாது.

குடோன் சுவருக்கும் தரைக்கும் அடிக்கும் மருந்தில் வழக்கமானவை இரண்டு. மாலத்தியான் 50 இசி (தண்ணீரில் கலக்கும் 50 சதவீதத் திரவ மருந்து), 1 பங்குக்கு 100 பங்கு தண்ணீர், 15 நாளுக்கு ஒருமுறை. டெல்டாமெத்ரின் 2.5 சதவீத நனையும் தூள், லிட்டருக்கு 40 கிராம், 90 நாளுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மாலத்தியான் சீக்கிரம் சிதைந்துவிடும், அங்கே டெல்டாமெத்ரின்தான் சரி. நுவான் என்று பழகிப்போன டைகுளோர்வாஸ், 2018-இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்னும் சில விசிட் ஷீட்டில் அந்தப் பெயர் எழுதப்படுகிறது. தணிக்கையில் சிக்குவது எங்கள் ஆள் மட்டுமல்ல, நீங்களும்தான்.

எந்தப் பூச்சி என்று அறிய மருந்து வேண்டாம், பொறி போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 4 வாட் புற ஊதா விளக்குப் பொறியை 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலக் குடோனுக்கு இரண்டு என்று, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், மூலைப்பக்கம் வைக்கலாம். மஞ்சள், மிளகாய், மல்லி இருக்கும் குடோனில் சிகரெட் வண்டுக்கான இனக்கவர்ச்சிப் பொறி. வாரம் ஒருமுறை எண்ணி அதே தாளில் எழுதுங்கள். எண்ணிக்கை ஏறும் மூலை எது என்பது, எவ்வளவு பிடித்தது என்பதைவிட முக்கியம். பாக்கெட்டில் பூச்சி என்று புகார் வந்தாலும் முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். நெல் துளைப்பானும் சிகரெட் வண்டும் பாக்கெட்டைத் துளைத்துப் போகும். மாவு வண்டால் பொதுவாகத் துளைக்க முடியாது, இருக்கும் இடுக்கில்தான் நுழையும். மாவு வண்டு என்றால் உங்கள் சீலிங் மெஷினின் தாடையைச் சோதியுங்கள், குடோனுக்கு மருந்து அடிப்பதில் பயனில்லை.

இயற்கை வேளாண் சான்று பெற்ற சரக்குக்கு பாஸ்பீனே கூடாது. காற்றுப்புகாத உறையில் கார்பன் டை ஆக்சைடை 60 சதவீதத்துக்கு மேல் இரண்டு வாரம் நிறுத்துவது நடைமுறை. செலவும் நாளும் கூடும் என்பதை வாங்குபவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எலிக்கு விஷக்கட்டி கட்டடத்துக்கு வெளியே, பூட்டுள்ள பெட்டியில் மட்டும். புரோமாடியோலோன் 0.005 சதவீதக் கட்டி தின்ற எலி சாக நான்கைந்து நாள் ஆகும், அதற்குள் அது எங்கே போய்ச் சாகும் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே இயந்திரப் பொறி மட்டுமே. ஷட்டருக்கு அடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும். நைலான் பிரஷ் ஒட்டினால் கடித்துவிடும், தகடு அடியுங்கள். கட்டடத்தின் அடித்தளத்தை ஒட்டிய பெருச்சாளி வளையில் பாஸ்பைடு மாத்திரை போடச் சொல்லாதீர்கள், வெடிப்பு வழியாக வாயு உள்ளே வரும்.

அடுத்த கொட்டேஷன் கேட்கும்போது இந்த வரிகளை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்:

"மூட்டைச் சரக்குப் புகைமூட்டம் அட்டிக் கணக்கில், குறைந்தது 7 முழு நாள். மூன்று இடங்களில் வாயு அளவு, 1, 3, 7-ஆம் நாட்களில், எழுத்தில். 7-ஆம் நாள் எந்த இடத்திலும் 300 பிபிஎம்-க்குக் குறைந்தால் 200 பிபிஎம் காத்து 10 நாள் வரை நீட்டிக்க வேண்டும். அதுவும் நிற்காவிட்டால், கசிவு நிறுவனத்தின் தார்ப்பாயிலா ஆலையின் தரையிலா என்று இரு தரப்பும் சேர்ந்து பார்த்து, அந்தத் தரப்பின் செலவில் மறுமுறை. 0.3 பிபிஎம்-க்குக் கீழே வந்ததாகச் சான்று தராமல் லோடு ஏற்றக் கூடாது. மெஷின் தளத்தில் பாஸ்பீன் இல்லை."

ஏழு நாளுக்குச் சரக்கை அசைக்காமல் விட, சுழற்சியில் ஓர் அட்டி கூடுதலாக வேண்டியிருக்கும். இடம் இல்லை என்பதே நீங்கள் சொல்லும் முதல் பதிலாக இருக்கும் என்று தெரியும். சரக்கு வரும் அட்டவணையையும் குடோன் வரைபடத்தையும் கொட்டேஷனோடு அனுப்புங்கள், எந்த அட்டியை எந்த வாரம் மூடலாம் என்று நாங்களே குறித்துத் தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
குடோன்களில் புகைமூட்டும் பணியில் இருப்போர் சிலர்